இடக்கை முடிச்சு

சிலோயே தீவில் ஜூன் மாதம் குளிர்காலம்.
கடல் இறங்கி ஒரு மணி நேரம்.
சாய்ந்த பாறையிலிருந்து
படகுத்துறையின் துருப்பிடித்த வளையம் வரை
நூறு மீட்டர். அதற்கு மேல் ஓரடியும் கிடையாது.
நூற்றியோராவது மீட்டரில்
ஒரு குளிர்பெட்டியே கிடந்தாலும்
அது என் குப்பையில்லை.

எவரிஸ்டோ உரக்கச் சொல்வான், நான் கோடு கிழிப்பேன்.
நாலு கோடு, குறுக்கே ஒன்று.
மூடி. மூடி. உறிஞ்சுகுழல்.
தெர்மாகோல், கையளவு. தெர்மாகோல், தலையளவு.
மீன்தீவனச் சாக்கு, எழுத்து அழிந்தது.
மூடியோடு கிடந்தால் புட்டி ஒன்று,
பிரிந்து கிடந்தால் இரண்டு.
நகத்தைவிடச் சிறியது கணக்கில் சேராது.
மணலுக்குள் பொரிபோல் சிதறிய
வெள்ளை உருண்டைகளை
விதி பார்ப்பதில்லை.
என் காலணித் தையலில் ஒட்டிக்கொண்டு
அவை வீடு வரைக்கும் வருகின்றன.

பிறகு அந்தக் கயிறு.
நீலம், பெருவிரல் தடிமன், பாசி பிடித்தது.
"கயிறு, அரை மீட்டருக்கு மேல், ஒன்று" என்றான்.
கோடு கிழிக்கக் குனிந்தவள்
முடிச்சைப் பார்த்துவிட்டேன்.
வலமாய்ப் போகவேண்டிய இடத்தில் இடமாய்ப் போய்
கடைசிச் சுற்று மட்டும் இரட்டையாய்.
விஞ்சில் இரண்டு விரல் போன பிறகு
என் அண்ணன் அனிசெட்டோ
தானாகக் கண்டுபிடித்துக்கொண்டது.
இந்தத் தீவுக்கூட்டத்தில் வேறு யாரும்
இப்படிக் கட்டுவதில்லை.

படிவத்தில் நூற்றுச்சொச்சம் கட்டங்கள்.
காதுக்குச்சிக்குக் கட்டம் உண்டு, பலூனுக்கு உண்டு,
துப்பாக்கித் தோட்டாவின் பிளாஸ்டிக் உறைக்கும் உண்டு.
முடிச்சுக்கு இல்லை.
கோடு கிழித்தேன்.
கயிற்றை மூட்டையில் போடாமல்
மழைக்கோட்டுக்குள் திணித்துக்கொண்டேன்.

மதியம் உருளைக்கிழங்கு அடைக்குப் பக்கத்தில் வைத்தேன்.
அனிசெட்டோ மெல்லுவதை நிறுத்தவில்லை.
"மே மாதப் புயல்" என்றான்.
"எங்கள் பண்ணையில் நீலத்தை எப்போதோ மாற்றியாயிற்று" என்றான்.
"வடக்குப் பண்ணைக்காரன் கயிறாயிருக்கும்" என்றான்.
மூன்று புரி ஆயிற்று.
கயிறு திரிக்க மட்டும் அவனுக்கு
எட்டு விரலே போதும்.
"முடிச்சு?" என்றேன்.
"மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் போடுகிறாயே, அதுவா?"
நானும் சிரித்துவிட்டேன். அதுதான் எரிச்சல்.

நாளைக்கு இருநூறு முடிச்சுப் போடுகிறவன்.
சிப்பி வளர்க்கும் அந்தக் காசில்தான்
மேசை, அடுப்பு விறகு, வேகும் கிழங்கு.
என் எண்ணிக்கைக்குச் சம்பளம் கிடையாது,
ஒரு பேனா கொடுத்தார்கள்.
எழுந்தவன் கயிற்றை எடுத்துக்கொண்டு போய்
வாசல் கம்பத்தில் புல்காவைக் கட்டினான்.
நல்ல கயிறு, வீணாக்குவானேன் என்றான்.
நாய் அதை முகர்ந்துவிட்டு
கடலைப் பார்த்துக் குரைத்தது.

செப்டம்பரில் மறுபடி நூறு மீட்டர்.
நடுவில் ஒரு ராத்திரி
புல்கா அறுத்துக்கொண்டு ஓடி
மூன்றாம் நாள் வெறுங்கழுத்தோடு திரும்பியிருந்தது.
நாய் வந்ததே போதும் என்று
கயிற்றை யாரும் தேடவில்லை.
அறுபதாவது மீட்டரில் எவரிஸ்டோ குனிந்தான்.
நீலம். ஒரு முனையில் பல் தடம்.
மறுமுனையில் இரட்டைச் சுற்று.

போன தடவை எண்ணியதை
இந்தத் தடவையும் எண்ணலாமா?
விதிப்புத்தகம் பதினெட்டுப் பக்கம்.
மழையில் நின்று புரட்டினோம், பதில் இல்லை.
ஓர் அலை வந்து
அளவுநாடாவை இழுத்துப் பார்த்துவிட்டுப் போனது.
"எண்ணவா?"
"எண்ணு."

அடியில் 'குறிப்பு' என்றொரு கட்டம்,
கட்டைவிரல் அகலம்.
எட்டு வருஷமாக அதில்
பலத்த காற்று என்று மட்டும் எழுதிவந்திருக்கிறேன்.
இன்றைக்கும் பலத்த காற்றுதான்.
அதன் கீழே, ஈரத்தில் பேனா தடுக்க,
'கயிறுகளில் ஒன்று எங்கள் வீட்டுடையது' என்று எழுதி
'எங்கள்' என்பதை அடித்து
திரும்பவும் எழுதினேன்.