வாங்கிய காரணம்

சோஃபியாவில், அமைச்சகத்தின் மூன்றாம் மாடியில்
என் மேசைக்கு ஒரு கால் குட்டை.
அதற்கு முட்டுக்கொடுத்திருப்பது
மலைப்படைக்கான வானொலிக் கருவிகள், முதல் வரைவு.
பதினோரு வருடத்துத் தாள்.
நல்ல கனம்.

அன்று கேட்டது எளிது:
பனியில் பேச வேண்டும்,
பள்ளத்தாக்கின் இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கத்துக்கு.
கர்னல் தோன்செவ் ஒரு வரி சேர்த்தார்,
பாலைவனத்திலும் இயங்க வேண்டும் என்று.
நம்மிடம் பாலைவனம் இல்லையே என்றேன்.
கூட்டணியிடம் இருக்கிறது என்றார்.
அடுத்து வந்தவர் எடையைப் பாதியாக்கினார்,
அதற்கடுத்தவர் மின்கலத்தை இரு மடங்காக்கினார்.
இரண்டையும் ஒரே பத்தியில் தட்டச்சு செய்தவள் நான்.

மூன்று தேர்தல் போனது.
தோற்ற நிறுவனம் வழக்குப் போட்டது.
பிறகு ஜெயித்த நிறுவனத்தையே விலைக்கு வாங்கியது.
வழக்கு மட்டும் யாரையும் திரும்பிப் பார்க்காமல் நடந்தது.
ஒருவழியாகக் கையெழுத்தாகும் காலையில் ஒரு கடிதம்:
உள்ளிருக்கும் சில்லு இப்போது தயாரிப்பில் இல்லை,
வருந்துகிறோம்.

இதில் யாரும் திருடவில்லை.
திருடியிருந்தால் சொல்வதற்கு வசதியாக இருந்திருக்கும்.
என்றோ ஒருமுறை திருடினார்கள்,
அதற்குப் பிறகுதான் இத்தனை கையெழுத்து.
பத்தொன்பது.
பூட்டுக்குமேல் பூட்டு.
கள்ளன் வெளியே நிற்கிறான்,
பக்கத்தில் வீட்டுக்காரனும்.

போன வருடம் போர்விமானம் வந்தது, பேண்டு வாசித்தார்கள்.
யானைக்கு எப்படியோ காசு புரண்டுவிடுகிறது.
அங்குசத்துக்குத்தான் குழு.

இன்று வந்த கோப்பு மெலிசு.
ரோடோபி மலையில் ஒரு காவல்முகாம்.
சார்ஜன்ட் ஸ்பாஸ் கராமித்ரேவ்
ஸ்மோல்யான் ஊர் வேட்டைக் கடையில்
ஆறு கைக்கருவிகள் வாங்கியிருக்கிறார்.
காட்டுப்பன்றி விரட்டுகிறவர்கள் வைத்திருப்பது.
ஆரஞ்சு நிறம், கழுத்தில் மாட்டக் கயிறு.
ஒப்பந்தப்புள்ளி கோரவில்லை.
சங்கேதப் பூட்டு இல்லை,
போகிறவன் வருகிறவன் எல்லாம் ஒட்டுக்கேட்கலாம்.
விறகுக்கு ஒதுக்கிய பணம், அறுநூற்றுப் பதினான்கு லெவா.
தணிக்கை சிவப்பில் சுழித்திருக்கிறது.
சம்பளத்தில் பிடிக்க ஆணை எழுத வேண்டும்,
நான்.

இணைப்பு இரண்டு, சம்பவ அறிக்கை.
பிப்ரவரி. இரவு ரோந்து. பனிச்சரிவு.
யாவோர், வயது இருபது,
மார்புவரை புதைந்து
கையுறை போன கையால் பொத்தானை அழுத்தியிருக்கிறான்.
நாற்பது வினாடி.
அதில் பாதி பல் அடித்துக்கொண்ட சத்தம்.
முகாமில் நான்கு பேர் காதில் விழுந்தது,
ஒட்டுக்கேட்ட வேட்டைக்காரர் ஒருவர் காதிலும்.
நாயோடு முதலில் போய்ச் சேர்ந்தது அவர்தான்.

தணிக்கைக்காரர் சொல்லப்போவதும் தெரியும்.
நாளை போர் என்று வந்தால்
அந்த நாற்பது வினாடி
எதிரியின் பீரங்கிக்கு நாமே எழுதிக்கொடுத்த முகவரி.
அவர் சொல்வதும் சரி.
இரண்டு சரிக்கும் இருப்பது ஒரே படிவம்.

படிவத்தில் ஒரு கட்டம்: வாங்கிய காரணம்,
நூற்றைம்பது சொற்களுக்கு மிகாமல்.
கராமித்ரேவ் ஒரு சொல் எழுதியிருக்கிறார்,
தாளின் பின்பக்கம் தடவினால் விரலில் தட்டும் அழுத்தத்தில்:
கேட்டது.

ஆணையை அடித்து முடிக்க மணி ஆறு.
டிராம் ஒன்று திரும்பும்போது மேசை லேசாக ஆடியது.
மூன்று தவணையில் பிடிக்கச் சொல்கிறது விதி.
முன்னூறு என்று விழுந்திருக்கிறது.
தட்டச்சுப் பிழை.
திருத்தலாம்,
பத்தொன்பது கையெழுத்து வேண்டும்.