இருபது அடி

"கடைசியாக எப்போது இமைத்தீர்கள்?" என்றார்
பட்டர்வொர்த் கண்ணாடிக் கடைக்காரர்,
சாப்பிட்டாச்சா என்று கேட்பதுபோல்.
யோசித்துப் பார்த்தேன்.
நினைவில்லை.

பாயான் லெப்பாஸில் ஏழு வருடமாகத்
திரையில் சில்லு பார்க்கிறேன்.
எறும்புக் கால் பருமனில் கம்பி,
அதன்மேல் இருக்கலாம் ஒரு கீறல்,
இல்லாமலும் இருக்கலாம்.
இருந்தால் சிவப்புப் பொத்தான், இல்லையென்றால் பச்சை.
ராத்திரிக்கு நாலாயிரம்.
இமைக்காதே என்று யாரும் சொல்லவில்லை.
கண்ணே கற்றுக்கொண்டது.

தேவர்கள் இமைப்பதில்லையாம்.
என் சம்பளச் சீட்டைப் பார்த்தால்
அப்படி ஒன்றும் தெரியவில்லை.

இமைக்குள் மணல்.
விடிகாலைப் பாலத்தில்
ஒவ்வொரு விளக்குக்கும் இரண்டு தலை.
சொட்டு மருந்து குளிர்பெட்டியில்,
சம்பல் புட்டிக்குப் பக்கத்தில்.
தூக்கக் கலக்கத்தில் இதுவரை
கை மாறவில்லை.

அவர் எழுதித் தந்தது ஒரு கணக்கு:
இருபது நிமிடத்துக்கு ஒரு தரம்
இருபது அடிக்கு அப்பால்
இருபது நொடி.
"என்ன பார்க்கணும்?"
"எதையாவது. தூரமா இருந்தா போதும்."

எங்கள் அறையில் தூரம் கிடையாது.
சன்னலும் கிடையாது.
ஓய்வு மணி அடித்ததும்
உறை மாட்டிய பாதங்களை
முன்னும் பின்னும் ஒட்டவைத்து அளந்தேன்.
ஒன்பதில் தூண்.
பதினாறில் தீயணைப்புக் குப்பி.
இருபதில்
பதினான்காம் மேசை.

அங்கே ஒருத்தி.
ஒருவனாகவும் இருக்கலாம்.
உச்சி முதல் பாதம் வரை வெள்ளை உடுப்பு,
முகமூடிக்கு மேலே இரண்டு கண்.
இங்கே எல்லோரும் அவ்வளவுதான்,
நானும்.

இருபது நொடி இவ்வளவு நீளமா!
பதினொன்றாவது நொடியில்
அந்தக் கண்கள் நிமிர்ந்தன.
பிடிபட்ட திருடிபோல்
திரைக்குத் திரும்பி
நல்ல சில்லு ஒன்றுக்குச் சிவப்பை அழுத்திவிட்டேன்.

அடுத்த முறை சுவரைப் பார்த்தேன்.
சுவரில் பார்க்க ஒன்றுமில்லை.
அதற்கடுத்த முறை
எனக்கு முன்பே நிமிர்ந்து
காத்திருந்தன அவை.
சிவந்த கண்கள். ஓரத்தில் ஈரம்.
மெல்ல ஒரு முறை மூடித் திறந்தன.
நானும் மூடித் திறந்தேன்.

நோன்பு மாதம் முழுக்க இப்படி.
ஒரு ராத்திரிக்கு இருபது தடவையாவது இருக்கும்.
பெயர் தெரியாது.
கேட்க வாய் மூடியிருந்தது,
இருவருக்கும்.

காலை ஏழு மணிக் கேண்டீனில்
எல்லோருக்கும் முகம் வந்துவிடுகிறது.
மூக்குத்தி, மீசை, பருத்தழும்பு, கொட்டாவி.
கண்கள் மட்டும் காணவில்லை.
எல்லாம் குனிந்து
கைபேசிக்குள் கிடக்கின்றன.
மேசை மேசையாகத் தேடினேன்.
பிறகு
என் கைபேசியும் நடுங்க
நானும் குனிந்தேன்.
இதில் பெருமை ஒன்றுமில்லை.

எரிச்சல் தாங்காமல்
தலையை அண்ணாந்து மருந்து விட்டேன்.
வலக்கண்ணில் ஒரு சொட்டு.
இடக்கண்ணில் குறி தப்பி
கன்னத்தில் வழிந்தது.

யாரோ வந்து
என் கையில் டிஷ்யூ திணித்து
அழாதே என்றாள், மலாயில்.
மங்கலில் தெரிந்தது ஒரு மஞ்சள் துடோங்,
அல்லது கேண்டீன் சுவர்.

அழவில்லை என்று சொல்ல
வாய் திறந்தேன்.
சொல்லவில்லை.
துடைத்து நிமிர்வதற்குள்
வெளியே பேக்டரி பஸ்
ஹாரன் அடிக்கத் தொடங்கியிருந்தது.