பதினொரு தப்படி

கத்தரிக்கோல் கல்லாவுக்குப் பக்கத்தில் தொங்கியது.
ஆணி அங்கே இருந்தது, அதனால்.
மாத்திரை அட்டைகள் உள்ளே, கடைசி அலமாரியில்.
நடுவில் பதினொரு தப்படி.
ஒன்பது வருஷமாக நடந்தேன்,
எண்ணியதில்லை.

எண்ண வைத்தவள் சடச்சி.
"உள்ள இல்ல, வெளிய வாங்கிக்க" என்று
பெரியாஸ்பத்திரியில் கொடுத்த சீட்டோடு
நாலு பேருக்குப் பின்னால் நின்றாள்.
நான் கத்தரிக்கோலுக்குப் போனேன், வந்தேன்.
மூன்று ரூபாய் சில்லறைக்கு
டிராயரைக் கவிழ்த்தேன்.
மருந்து ஏஜென்சிக்காரர் போன் போட்டார்,
பேசினேன்.
அவள் முறை வந்தபோது
நாகலூர் கடைசி பஸ்
அஸ்தம்பட்டி தாண்டியிருந்தது.

"பரவால்ல" என்றாள்.
எல்லாவற்றுக்கும் பில் போட்டேன்,
அந்தப் பரவால்லவுக்கு
என்ன விலை என்று தெரியவில்லை.
பஸ் ஸ்டாண்டில் சிமெண்டுத் தரையில்
படுத்து எழுந்து போனதை
அடுத்த மாதம்தான் சொன்னாள்,
மலையில் மழை பெய்ததைச் சொல்வதுபோல.

முதலாளி குழந்தைவேலுவிடம் போய் நின்றேன்.
"கூட்டம் நின்னாத்தானுங்க கடைக்கு அழகு.
நாலு பேர் நிக்கறதப் பாத்துத்தான்
அஞ்சாவது ஆள் வருவான்."

என் காசில்
செவ்வாய்ப்பேட்டையில் ஐந்து கத்தரிக்கோல் வாங்கினேன்.
அலமாரிக்கு ஒன்று, சணல் கயிற்றில்.
வீட்டிலிருந்து இட்லித் தட்டு ஒன்று:
குழிக்கு ஒரு நாணயம்,
ஒன்று, இரண்டு, ஐந்து,
கைக்குக் கண் வேண்டியதில்லை.
சர்க்கரை, பிரஷர் அட்டைகளை
மதியம் ஆளில்லாத நேரத்தில்
பத்துப் பத்தாக எண்ணிக் கட்டி வைத்தேன்.
ஏஜென்சிக்காரரை
ராத்திரி ஒன்பதுக்கு மேல் பேசச் சொன்னேன்.
கோபித்துக்கொண்டார், பேசினார்.

பிறகு கேட்க ஆரம்பித்தேன்:
"உங்களுக்கு எந்த பஸ்?"
ஏற்காடு என்றால் முன்னால் வா.
ஓமலூர் என்றால் கொஞ்சம் நில்லு,
அதற்குப் பத்து நிமிஷத்துக்கு ஒன்று.
குகைக்காரர் ஒருவர் சாவியை மேசையில் தட்டினார்:
"எனக்கு வண்டி இருக்குது.
அதுக்காக நான் கடைசியா?"
அவருக்கு என்னிடம் பதில் இல்லை.
இப்போதும் இல்லை.

இதையெல்லாம் மிச்சம் பிடித்தது
சீக்கிரம் வீட்டுக்குப் போவதற்கல்ல.
எது சாப்பிடும் முன், எது சாப்பிட்ட பின்,
எது பாதி, எதைப் பொடிக்கக்கூடாது என்று
சொல்வதை மட்டும் சுருக்க முடியாது.
கவரில் சூரியன் போடுவேன், காலைக்கு.
பிறை போடுவேன், ராத்திரிக்கு.
"அமாவாசைக்கு மாத்திரை வேண்டாமாம்மா?"
என்று கேட்டார் ஒரு வாழப்பாடிக்காரர்.
சிரித்து முடித்து, திரும்பச் சொல்லி,
அவர் வாயால் ஒருமுறை கேட்டு வாங்க
நாலு நிமிஷம் ஆகிறது.
அந்த நாலும்
பதினொரு தப்படியிலிருந்து எடுத்ததுதான்.

மாதக் கடைசியில் முதலாளி
காலியாகக் கிடந்த வாசலைப் பார்த்துப் பதறினார்.
கணக்கு நோட்டை விரித்தார்,
கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு
இரண்டாம் முறை கூட்டினார்.
ஒன்றும் சொல்லவில்லை.
மறுநாள் பழைய ஆணியை மட்டும்
பிடுங்கி எறிந்திருந்தார்.

சடச்சி வந்தாள், பெட்டியில் மிளகு வாசனை.
மாத்திரை, பிறை, சூரியன், சில்லறை,
எல்லாம் சேர்த்து ஆறு நிமிஷம்.
நாலரை பஸ்ஸுக்கு நேரம் கிடந்தது.
போய்விடுவாள் என்று நினைத்தேன்.
எதிர் வண்டியில் தட்டுவடை செட் வாங்கி,
பீட்ரூட் துருவல் இன்னும் கொஞ்சம் கேட்டு வாங்கி,
எங்கள் பெஞ்சில் காலை நீட்டி உட்கார்ந்து
ஒவ்வொன்றாக மென்றாள்.

"பஸ்ஸு, பஸ்ஸு" என்று கத்தினேன் உள்ளேயிருந்து.
"போவட்டும் கண்ணு" என்றாள்
வாயைத் துடைத்தபடி,
"பின்னால ஒண்ணு இருக்குதுல்ல."