மூன்று ஊர், ஒரு குழாய்

லிலோங்வேயில் நான்காம் மாடி.
மின்சாரம் போய்ப் போய் வந்த ஒரு பிற்பகல்.
நான்தான் அந்தக் கட்டத்தில்
'முடிந்தது' என்று தட்டினேன்.
வரிசை எண் இருநூற்றுப் பதினான்கு:
சிம்வேரா கிராமம், ஆழ்துளைக் கிணறு, கைப்பம்பு புதிது.

முந்நூற்று இரண்டில் சிம்வேலா.
வேறொரு நாட்டின் கொடி ஒட்டிய இன்னொரு கோப்பில்
சிம்பேரா.
எங்கள் நாக்குக்கு ரகரமும் லகரமும்
ஒரே வீட்டுப் பிள்ளைகள்.
கணினிக்கு அந்த உறவெல்லாம் தெரியாது.
மூன்று ஊர்களைப் படைத்து
மூன்றுக்கும் தண்ணீர் விட்டது.

ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள்.
அளந்துதான் போட்டோம், கடைசிக் காசு வரை.
எந்த ஆறு என்று கேட்க
ஒருவருக்கும் தோன்றவில்லை.

மறைத்து வைத்தோம் என்று சொல்லிவிட முடியாது.
நான்கு வருடமாக எல்லாரும் பார்க்கலாம்,
ஆங்கிலம் தெரிந்தால்,
அறுபது எம்.பி. இறங்கும்வரை சிக்னல் நின்றால்,
'நிதி ஒதுக்கீடு' வேறு 'நிதி விடுவிப்பு' வேறு என்று
யாராவது சொல்லிக் கொடுத்திருந்தால்.

ஃபனேசி ம்பேவா, காய்ந்த உசிப்பா மீன் விற்பவள்,
மினிபஸ்ஸில் ந்சாஞ்சே வந்து
மாவட்ட அலுவலக மேசையில்
மீன் வாசனையோடு கையை ஊன்றினாள்.
"எல்லாம் திறந்துதானம்மா கிடக்கிறது" என்றார் எழுத்தர்.
"கிடக்கட்டும். கதவு எந்தப் பக்கம்?"

அந்தக் கேள்வி ஃபைலேறி மாடியேறி
என்னிடம் வந்து சேர ஐந்து வாரம்.
பதினொரு தாள் அச்செடுத்தேன்.
இரவு விடுதியில் உட்கார்ந்து
சிச்சேவாவில் எழுதினேன்.
'பயனாளிகள்' என்ற சொல்லுக்கு
எங்கள் மொழியில் 'ஆட்கள்' என்பதைவிட
நல்லதாக ஒன்றும் அகப்படவில்லை.

மாவு மில்லில் படித்தேன்.
மூன்றாவது கைப்பம்பு வந்ததும்
மில்காரர் எஞ்சினை நிறுத்தினார்.
அத்தனை தலையும் கிரஷாம் பக்கம் திரும்பின.
தண்ணீர்க் கமிட்டிச் செயலாளர்.
போன வருடம் தகரக் கூரை போட்டவர்.
"ஜோகன்னஸ்பர்க்கில் இருக்கும் பையன் அனுப்பியது"
என்றார்.
அந்தப் பையனே வந்து சொல்லியிருந்தாலும்
அப்போது ஒருவரும் நம்பியிருக்க மாட்டார்கள்.

ஃபனேசி மில்லிலிருந்த ஸ்பேனரை எடுத்துக்கொண்டு
பம்பை நோக்கி நடந்தாள்.
நீலப் பலகையைக் கழற்றினாள்.
அடியில் வெள்ளைப் பலகை.
அதற்கும் அடியில்
உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பித்தளை.
மூன்று தேதி, மூன்று நன்றி,
மூன்று விதமாக எங்கள் ஊர்ப் பெயர்.
நெஞ்சில் அத்தனை பலகையைச் சுமந்து
ஒரே பம்பு, ஒரே கிணறு.

கிரஷாம் குழாயடிச் சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டார்.
மன்னிப்பு யாரும் கேட்கவில்லை.
"பிடி" என்று அவர் கையில்
ஸ்பேனரைக் கொடுத்தாள் ஃபனேசி, அவ்வளவுதான்.

ஒரு பணம் தோண்டியிருக்கலாம்.
ஒன்று பழுது பார்த்திருக்கலாம்.
ஒன்று படம் மட்டும் எடுத்துக்கொண்டு போயிருக்கலாம்.
மூன்று கோப்பிலும் 'புதிது' என்றே இருக்கிறது.
நான் இன்னும் கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறேன்.
ஓர் இடத்திலிருந்து மட்டும் பதில் வந்தது:
தங்கள் ஆர்வத்துக்கு நன்றி.

நீலப் பலகையைத் திருப்பி
வெறும் முதுகில் எனாமல் பெயிண்டால் எழுதினார்கள்,
வந்தது என்ன, யார் கொடுத்தது, எப்போது என்று.
இரண்டு இடத்தில் தொகைக்குப் பதில்
கேள்விக்குறி.
வாளியோடு வருகிற பிள்ளைகள்
அந்தக் குறியைத்தான் முதலில் படிக்கக் கற்றார்களாம்.

போன வாரம் ஒரு படம் அனுப்பியிருந்தார்கள்.
எனாமலுக்குக் கீழே யாரோ கரியால் கிறுக்கியிருந்தது:
வாஷர் தேய்ந்தது. விலை ஆயிரத்து எண்ணூறு குவாச்சா.
சேர்ந்தது அறுநூற்றைம்பது.
கிரஷாம் இருநூறு.

என் கோப்பில் இதற்குக் கட்டம் இல்லை.
தேடிப் பார்த்துவிட்டு
இருநூற்றுப் பதினான்காம் வரிசைக்குப் போய்
'முடிந்தது' என்பதை மட்டும்
அழித்தேன்.