முந்நூற்று எழுபத்து நான்கு டிகிரி

வெளியே மைனஸ் முப்பத்தெட்டு.
வாளியைக் கவிழ்த்தாலும் விழாத தார்
பக்கத்துக் குழாயில் காத்திருக்கிறது.
டெல்ஃபீன் கையுறையைப் பல்லால் கழற்றி
நீலக்கல் ஜன்னலில் கண் வைக்கிறாள்.

அத்தபாஸ்கா ஆற்றுத் தண்ணீர்தான்.
கொதித்திருக்க வேண்டும், கொதிக்கவில்லை:
இருநூற்று இருபது வளிமண்டலம் அதன் பிடரியில்.
நீருக்கும் ஆவிக்கும் நடுவே கிடந்த கோடு
ஒரு கணம் பாலாய்க் கலங்கி
இல்லாமல் போகிறது.

பிறகு திறக்கிறாள் வால்வை.
எண்ணெயைக் கண்டால் ஒதுங்கும் பிறவிக்குணம் மறந்து
தாருக்குள் நுழைகிறது அது,
பேச்சுவார்த்தை இல்லாமல்.

"ஒட்டாதுன்னு எதுவும் இல்ல. சூடு பத்தல, அவ்வளவுதான்"
என்கிறான் ஓரெஸ்ட், மூன்றாவது காபியோடு.
விவாகரத்துக் காகிதம் வந்து பதினோரு நாள்.
ஷிப்ட் அட்டவணையை யாரும் மாற்றவில்லை.
முள்ளிலிருந்து கண்ணெடுக்காமல் அவள்:
"அழுத்தம் நம்மகிட்டயும் இருந்துச்சே."

ஆறு மணிக்கு இறக்குகிறார்கள்.
தண்ணீர் தண்ணீராகப் பிரிகிறது,
அழுகிய முட்டை வாடையோடு.
மேலே எண்ணெய். விளக்கில் பிடித்தால் தேநீர் நிறம்,
சாய்த்தால் ஓடுகிறது.

அடியில் கொஞ்சம் கரி.
சுரண்டுவது யார் முறை என்று
இருவரும் அட்டவணையைப் பார்க்கிறார்கள்.