முப்பத்தொன்று, முப்பத்திரண்டு

சாத்தையா அண்ணே,
புதுவயல் அரிசி ஆலையில் எடை போடுகிறவன் நான்.
சிப்பத்தில் ஒரு கைப்பிடி குறைந்தாலும்
முள் சொல்வதற்கு முன்னால் என் தோள் சொல்லிவிடும்.
அதனால்தான் கேட்கிறேன்,
நேற்று ராத்திரி கண்டனூர் மைதானத்தில்
எந்தத் தராசில் நிறுத்தீர்கள்?

முப்பத்தொன்று, இருபத்தொன்பது.
நாம்தான் முன்னால். மூன்று நிமிடம் பாக்கி.
சேவுகன் பாடிப் போனாலே
எதிரணியின் கோடிக்காரன் கால் மாற்றி மாற்றி நிற்கிறான்.
பதினொரு புள்ளி, அவன் ஒருவன் எடுத்தது.
தீப்பெட்டி அட்டையில் கோடு கிழித்து வைத்திருக்கிறேன்,
வேண்டுமானால் காட்டுகிறேன்.
அப்போது பார்த்துக் கை தூக்கினீர்கள்.
டைம் அவுட்.
சேவுகன் வெளியே,
வெள்ளைக்கண்ணு உள்ளே.

பூட்டிக் கிடக்கிற பெரிய வீட்டு மதில்மேல்
நாங்கள் முப்பது பேர்.
ஒரே வாயாக "அய்யோ" என்றோம்.
உள்ளே படுத்திருந்த நாய்கூட எழுந்து குரைத்தது.
உங்கள் காதில் மட்டும் விழவில்லை.

வெள்ளைக்கண்ணு நல்ல பையன், அவனைச் சொல்ல மாட்டேன்.
எங்கள் ஆலை லாரியில் கிளீனர்.
ஆனால் இரண்டு பாட்டு வெறும் பாட்டாகப் போய்
மூன்றாவது, புள்ளி எடுத்தே தீர வேண்டிய பாட்டு.
அதற்கா அவனை அனுப்புவது?
ஈர விறகை வைத்தா அடுப்பு மூட்டுவார்கள்?
கோட்டைத் தாண்டினான். நாலு எட்டு வைத்தான்.
கணுக்காலில் விழுந்தது பிடி.
பாதிக் "கபடி" செம்மண்ணுக்குள் போனது.

அடுத்து அவர்களுடைய நெட்டையன் வந்தான்.
போனஸ் கோட்டுக்கு அப்பால் ஒரு கால்,
பாண்டித்துரை முழங்கையில் ஒரு விரல்.
முடிந்தது.

இன்னொரு டைம் அவுட் உங்கள் சட்டைப் பையில் இருந்ததே அண்ணே,
அதை எதற்கு மிச்சம் பிடித்தீர்கள்?
மகள் கல்யாணத்துக்கா?

சேவுகன் துண்டைக் கடித்துக்கொண்டு பெஞ்சில் இருந்தான்.
கெண்டைக்கால் பிடிப்பு என்கிறீர்கள்.
காலில் பிடிப்பு உள்ளவனா
பரிசளிப்புக்கு முன்னாலேயே
ஒரே உதையில் பைக்கைக் கிளப்பிக்கொண்டு போனான்?

வீட்டில் விசாலம் தட்டை வைத்தாள். தள்ளிவிட்டேன்.
"அந்த ஆள் ஒனக்கு மாமனா, மச்சானா?" என்றாள்.
மச்சானாக இருந்தால்
இவ்வளவு கோபம் வராது என்பதை
அவளிடம் எப்படிச் சொல்ல.

காலையில் ஆலைக் களத்தில்
ஏழு நெல் இந்தப் பக்கம், ஏழு நெல் அந்தப் பக்கம் வைத்து
கடைசி மூன்று நிமிடத்தைத் திரும்ப ஆடினோம்.
எங்கள் ஆட்டத்தில் சேவுகன் வெளியே போவதே இல்லை.
நாலு தடவை ஆடினோம்.
நாலு தடவையும் புதுவயல்தான்.
பிறகு ஒரு கோழி வந்து
இரண்டு அணியையும் கொத்திக்கொண்டு போனது.

ஒன்றை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை.
தை மாதம் தேவகோட்டையில்,
"சேவுகன எடு, சேவுகன எடு" என்று
தொண்டை கிழியக் கத்தியவன் நான்.
நீங்கள் எடுக்கவில்லை.
அன்றைக்குக் கோப்பையோடு வேனில் வந்தோம்.
ஊர் எல்லை வரை நான்தான் விசிலடித்தேன்.
அதை உங்கள் பெயரில்
இன்றுவரை வரவு வைக்கவில்லை.

அதற்காக நேற்றையது சரியாகிவிடாது.
ஒரு புள்ளி அண்ணே. ஒரே ஒரு புள்ளி.

ஞாயிற்றுக்கிழமை கோட்டையூரில் ஆட்டமாம்.
இனி உங்கள் அணி ஆடும் பக்கம் தலைவைக்க மாட்டேன்,
கருப்பர்மேல் சத்தியம்.
அன்றைக்கு என் ஷிப்டை ராசகிளிக்கு மாற்றிவிட்டது
வேறொரு வேலைக்காக.
வராதவன் சொல்கிறேன், கேட்டுக்கொள்ளுங்கள்:
இடது கோடியில்
பாண்டித்துரை வேண்டாம்.