இடது புயம்

செவ்வாய்க்கிழமை, முத்தையன்கட்டு கிளினிக்.
தராசில் கிடந்து காலடிக்கிறாள்
நிறோஜினியின் மகள். ஆறு கிலோ எழுநூறு.
கோடு பச்சைக்குள்தான் நிற்கிறது.
சட்டையின் இடதுகையைச் சுருட்டித்
தேடுகிறேன்.

பிறந்த மறுநாள் போட்ட பிசிஜி
கொப்பளித்து, உடைந்து, காய்ந்து
இந்நேரம் ஒரு பயறளவு பள்ளம்
விட்டுப் போயிருக்க வேண்டும்.
டோர்ச் அடித்துப் பார்த்தேன்.
பூனைமயிர். பவுடர்.
வெளிச்சம் வழுக்கிப் போகிற தோல்.

"வடிவாய்ப் பாருங்கோ மிஸ்,
ஒரு கீறல்கூட இல்லை"
சிரிக்கிறாள் தாய்.
மாத்தளனில், பத்து வயதில் ஏறிய சன்னம்
அவளுடைய புயத்தில் இன்னும் இருக்கிறது.
குளிருக்கு உளையும் என்று
பதிய வந்த அன்றே சொன்னவள்.
அவளிடம் எப்படிச் சொல்ல,
இந்த ஊரில் நான் தேடுவது
ஒரு தழும்பைத்தான் என்று.

அட்டையைத் திருப்புகிறேன்.
பதிவு: இருபத்தாறாம் கிழமை.
கச்சான் பிடுங்கி முடியத்தான் வந்தாள்.
கால்விரல் இடுக்கில் சொறி.
கண்மடலின் உட்புறம்
அரிசி களைந்த தண்ணீர் நிறம்.
பச்சையரிசி வாயில் போடுறனியோ என்றதற்கு
மாமியைப் பார்த்தாள்.

பூச்சிக்குளிசை: சரி.
என் கையெழுத்து. என் நீலப் பேனை.
அன்றைக்கு மழை.
பஸ் போய்விடும் என்று எல்லோரும்
எழுந்து நின்றுகொண்டிருந்தார்கள்.
தாளில் சுற்றிக் கையில் வைத்தேன்,
விழுங்குவதைப் பார்க்கவில்லை.
ஓங்காளிக்கும் என்று
அவள் அதைக் கிடுகில் செருகியதை
துடக்குக் கழிவுக்குக் கூரை தட்டும்போது
மாமி கண்டெடுத்தாராம்.

உள்ளங்காலால் நுழைந்து
நெஞ்சால் ஏறி, தொண்டையால் இறங்கி
குடல்மடிப்பில் பல் பதித்துக்
குடித்துக்கொண்டிருக்கிறது புழு.
உடம்பு கொஞ்ச நாள் எதிர்க்கும்.
பிறகு
பழகிப்போகும்.
அந்தப் பழக்கத்தைக் கொப்பூழ்க்கொடி வழியே
கருவுக்கும் சொல்லி அனுப்பும் என்கிறார் டொக்டர்:
வந்ததோடு கொளுவாதே,
இருந்துவிட்டுப் போகட்டும்.
ஊசியால் போனதையும் பிள்ளையின் இரத்தம்
அப்படித்தான் சும்மா பார்த்துக்கொண்டு
இருந்திருக்கலாம்.

இருக்கலாம் என்பதை இரண்டு தரம் சொன்னார்.
ஊசி போட்ட கை பிழைத்திருக்கலாம்.
மருந்துக்குக் குளிர் விட்டிருக்கலாம்.
தழும்பில்லாமலே காவல் இருக்கவும் கூடும்.
என் நீலச் சரியைப் பற்றி
அவர் கேட்கவில்லை.
நான் சொல்லவும் இல்லை.

இன்னொரு தரம் போடவேணும் என்றதும்
நிறோஜினியின் சிரிப்பு மடங்கியது.
"பிறகு அடையாளம் வருமோ?"
"வரவேணும்."
தன் சட்டைக்கையை ஒருமுறை
கீழே இழுத்துவிட்டுக்கொண்டாள்.

ஊசி ஏறிய இடத்தில் வெள்ளைக் குமிழ்.
பிள்ளை மூச்சைப் பிடித்து, கறுத்து,
பிறகு தகரம் அதிரக் கத்தினாள்.
கத்து பிள்ளை, என்றேன். சண்டை பிடி.
வரிசையில் இரண்டு பேர்
நிமிர்ந்து என்னைப் பார்த்தார்கள்.

தாய்க்கு ஒரு குளிசை கொடுத்தேன்.
கிளாசில் தண்ணீரும் நானே வார்த்தேன்.
அவள் தொண்டை ஏறி இறங்கும்வரை
பேனையின் மூடியைக் கழற்றவில்லை.